மீன் தொட்டித் தொழிலா? முதலில் கிணற்றைப் பாருங்கள்

வென்னப்புவவிலும் மாரவிலவிலும் இத்தாலிப் பணத்தில் எழுந்த மாடி வீடுகள், சிலாபத்தில் பல் வைத்தியரின் காத்திருப்பு அறை, புத்தளம் நகரத்து நகைக்கடை, கற்பிட்டியில் பட்டம் பிடித்து அலையில் சறுக்க வரும் வெளிநாட்டவர் தங்கும் விடுதி. கண்ணாடித் தொட்டியில் நாலு வண்ண மீன் நீந்தினால் நன்றாக இருக்கும் என்று நினைக்கும் இடங்களுக்கு இந்தக் கரையில் குறைவில்லை. தொட்டி விற்கக் கடைகளும் இருக்கின்றன. விற்ற தொட்டியில் மூன்றாம் மாதமும் மீன் உயிரோடு இருக்கும்படி பார்த்துக்கொள்ளத்தான் ஆள் போதாது. ஒரு மோட்டார் சைக்கிள், சில வாளிகள், ஒரு சோதனைப் பெட்டி வைத்திருக்கும் இளைஞருக்கோ யுவதிக்கோ வருமானம் அங்கேதான் இருக்கிறது.

இறால் குஞ்சு பொரிப்பகத்தில் வேலை பார்த்தவர் என்றால் பாதித் தொழில் ஏற்கெனவே உங்கள் கையில். தண்ணீரில் குளோரின் போட்டு, காற்றூட்டி, தயோசல்பேட்டால் முறித்து, காரத்தன்மை பார்த்து, ஆர்ட்டீமியா பொரிக்கவைத்து பீ.எல். என்னும் இறால் குஞ்சு வளர்த்தவருக்கு ஒரு குப்பித் தொட்டி பெரிய காரியமே இல்லை. மீன் கடையில் மீன் பிடித்துக் கொடுத்துப் பழகியவரைவிட உங்களுக்குத்தான் இந்த வேலை பொருந்தும். காரணம் எளிது: வாடிக்கையாளர் மீனுக்குக் காசு தருகிறார், நீங்கள் பார்க்கப்போவது தண்ணீரை.

கிணற்று நீர் சொல்லும் மீனையே விடுங்கள்

புதிய வாடிக்கையாளர் வீட்டுக்குப் போனதும் தொட்டி எங்கே வைப்பது என்று பேச்சைத் தொடங்காதீர்கள். தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று கேளுங்கள். புத்தளம் மாவட்டக் கரையில் இருபது கிலோமீட்டருக்குள் தண்ணீர் ஆளே மாறிப்போகும்.

புத்தளத்துக்கு வடக்கே அறுவைக்காட்டில் சுண்ணாம்புக்கல் வெட்டித்தான் பாலாவி சீமெந்துத் தொழிற்சாலை ஓடுகிறது. அந்தச் சுண்ணாம்புப் படுகையைத் தொட்டு வரும் கிணற்று நீர் கடினமானது. சவர்க்காரம் நுரைக்காது, கேத்தலின் அடியில் வெள்ளை படியும், பிஎச் 7.5க்கு மேல் நிற்கும். கற்பிட்டித் தீபகற்பத்தின் கதை வேறு. அங்கே மணலுக்குள் மழைநீர் தேங்கி, கீழே இருக்கும் உப்புநீரின் மேல் மெல்லிய படலமாக மிதக்கிறது. வெங்காயம், மிளகாய், மரக்கறித் தோட்டங்களுக்கு மோட்டர் போட்டு இறைக்க இறைக்க உப்பு மேலே ஏறும். போட்ட யூரியா மணலுக்குள் தங்காமல் நேரே நிலத்தடி நீருக்கு இறங்கும். கற்பிட்டிக் கிணறுகளில் நைத்திரேற்று அதிகம் என்பது ஆய்வாளர்கள் பல ஆண்டுகளாகச் சொல்லிவருவது. உலக சுகாதார அமைப்பு குடிநீருக்கு வைத்த லீட்டருக்கு 50 மில்லிகிராம் என்ற எல்லையைத் தாண்டிய கிணறுகளும் அங்கே உண்டு.

மீன் தொட்டிக்காரருக்கு இது ஏன் முக்கியம்? தொட்டியில் நைத்திரேற்று ஏறினால் கால்பங்கு தண்ணீரை மாற்றுங்கள் என்று எல்லாப் புத்தகமும் சொல்லும். மாற்றி ஊற்றும் தண்ணீரிலேயே 50 இருந்தால் எத்தனை வாளி ஊற்றினாலும் 50க்குக் கீழே இறங்காது. ஐரோப்பாவிலோ சென்னையிலோ இருந்து எழுதியவர் இதைச் சொல்லமாட்டார். கற்பிட்டி வீதியில் தொழில் செய்பவர் தெரிந்திருக்கவேண்டும். கூரையில் பிடித்த மழைநீரோ, உப்பு நீக்கும் ஆர்.ஓ. நிலையத்தில் லீட்டர் கணக்கில் விற்கும் தண்ணீரோ பாதிக்குப் பாதி கலந்தால் நைத்திரேற்றும் கடினமும் ஏறக்குறையப் பாதியாகும். முழுக்க மழைநீர், முழுக்க ஆர்.ஓ. என்று போகாதீர்கள். அதில் பிஎச்சைப் பிடித்து நிறுத்த உப்புச்சத்து ஒன்றும் இல்லாததால் ஒரு வாரத்தில் சரிந்து மீனைக் கொல்லும். தொட்டியின் மேல் விளிம்பில் ஒரு மணிபிளான்ட் கொடியின் வேரைத் தண்ணீருக்குள் தொங்கவிட்டால் அது நைத்திரேற்றைத் தின்று தழைக்கும். செலவில்லாத உதவி, பார்க்கவும் அழகு.

நகரத்துக் குழாய் நீரில் குளோரின் இருக்கும். திறந்த பீப்பாயில் ஒரு நாள் காற்றூட்டினால் போய்விடும். அவசரம் என்றால் 100 லீட்டருக்கு 1 முதல் 2 கிராம் சோடியம் தயோசல்பேட். இறால் பண்ணைக்குச் சாமான் விற்கும் கடைகளில் இது மலிவு, மீன் கடையில் நீல நிறச் சின்னப் போத்தலில் வாங்கினால் அதே பொருளுக்குப் பல மடங்கு கொடுப்பீர்கள்.

சோதனைக்குப் பெரிய ஆய்வுகூடம் வேண்டாம். பிஎச், அமோனியா, நைத்திரைற்று, நைத்திரேற்று, கடினம் ஆகிய ஐந்தையும் சொட்டு மருந்து முறையில் பார்க்கும் பெட்டி ஒன்று, கரைந்த உப்பின் அளவு காட்டும் டி.டி.எஸ். மீற்றர் ஒன்று. தாளை நனைத்து நிறம் பார்க்கும் பட்டிகள் கடற்கரை ஈரப்பதத்தில் சீக்கிரம் கெட்டுவிடும், அவற்றில் காசைப் போடவேண்டாம். ஆடி, ஆவணிக் கோடையில் ஒருமுறை, மார்கழி மழைக்குப் பிறகு ஒருமுறை என்று ஒவ்வொரு வாடிக்கையாளரின் கிணற்றையும் பாருங்கள். ஒரே கிணறு இரண்டு பருவத்தில் இரண்டு விதமாகப் பேசும்.

அதன் பிறகுதான் மீன். கடினமான, காரமான, கொஞ்சம் உவர்ப்பான தண்ணீர் என்றால் குப்பி, மொலி, பிளாட்டி, சோர்ட்டெயில். இவற்றுக்கு இந்தக் கரை சொந்த ஊர் மாதிரி. மொலி உவர்நீரிலும் சுகமாக இருக்கும். பாலாவிப் பக்கம் 200 லீட்டர் தொட்டிக்கு இடமிருக்கும் வாடிக்கையாளர் பளிச்சென்ற நிறம் கேட்டால் ஆபிரிக்காவின் மலாவி ஏரிச் சிக்லிட் மீன்களைக் காட்டுங்கள். கடின நீர்தான் அவற்றுக்குப் பிறந்த வீட்டுத் தண்ணீர். டிஸ்கஸ், நியோன் டெட்ரா கேட்பவரிடம் ‘உங்கள் கிணற்றுக்கு அது சரிவராது’ என்று முகத்துக்கு நேரே சொல்லுங்கள். ஒரு விற்பனை போகும், ஒரு வாடிக்கையாளர் நிற்பார். இரண்டடித் தொட்டியில் கோல்ட்ஃபிஷ் கேட்பவருக்கும் அதே பதில். அது குளத்து மீன், குளிர்ந்த நீரை விரும்புவது, தின்பதும் கழிப்பதும் அதிகம். 28 பாகையில் 54 லீட்டருக்குள் அதை அடைப்பது நாளைக்கு வரப்போகும் புகாரை இன்றே வாங்கிவைப்பது.

நாட்டுவாதுமை இலையைப் போட்டுத் தண்ணீரை மென்மையாக்கலாம் என்று சிலர் சொல்வார்கள். கடினமான நீரில் அந்த இலை பிஎச்சை அசைக்காது. தேநீர் நிறம் வரும், அவ்வளவே.

முதல் மாதம் மீன் இல்லாத மாதம்

மீன் கழிப்பதும், தின்னாமல் விட்ட தீனி அழுகுவதும் அமோனியா. அதை ஒரு வகை நுண்ணுயிர் நைத்திரைற்றாக மாற்றும், வேறொன்று நைத்திரேற்றாக மாற்றும். முதல் இரண்டும் மீனுக்கு நஞ்சு, மூன்றாவது அளவோடு இருந்தால் பொறுத்துக்கொள்ளும். இந்த நுண்ணுயிர்கள் தண்ணீரில் மிதந்து திரிவதைவிட ஃபில்டர் பஞ்சிலும் மணலிலும் ஒட்டித்தான் அதிகம் வாழும். புதுத் தொட்டியில் அவை இல்லை. வந்து குடியேற மூன்று முதல் ஆறு வாரம் எடுக்கும். நம் ஊர்ச் சூட்டில் சற்றுச் சீக்கிரம் வரும், ஆனாலும் வாரக்கணக்குத்தான்.

இங்கே கரையோரக்காரர் கூடுதல் கவனம் வைக்கவேண்டிய கணக்கு ஒன்று உண்டு. தண்ணீரில் இருக்கும் அமோனியா முழுவதும் நஞ்சல்ல, அதில் ஒரு பங்குதான் கடுமையானது. 28 பாகைச் சூட்டில் பிஎச் 7 என்றால் அந்தப் பங்கு நூற்றில் ஒன்றுக்கும் குறைவு. பிஎச் 8க்கு ஏறினால் நூற்றில் ஆறு, ஏழு. ஒன்பது மடங்கு. மலைநாட்டு மென்மையான நீரில் மீன் தாங்கிக்கொள்ளும் அதே அளவு அமோனியா புத்தளத்தில் அதைக் கொன்றுவிடும். ‘அங்கே வாங்கினேன், நல்லாத்தான் இருந்திச்சு, இங்க கொண்டுவந்ததும் செத்திட்டு’ என்ற முறைப்பாட்டில் பாதிக்கு விடை இந்தக் கணக்கில் இருக்கிறது. உவர்ப்பான கிணற்றுக்கு ஒரு சின்ன ஆறுதல்: உப்பில் உள்ள குளோரைட்டு, நைத்திரைற்று மீனின் செவுளுக்குள் நுழைவதைத் தடுக்கும். அமோனியாவுக்கு அது உதவாது.

செய்யவேண்டியது இது. மணல், செடி, ஃபில்டர், காற்று மோட்டர் எல்லாம் பூட்டித் தண்ணீர் நிரப்பி ஓடவிடுங்கள். ஒரு துண்டு இறாலைத் துணியில் கட்டி உள்ளே போடுங்கள். இந்தக் கரையில் அதற்குப் பஞ்சமில்லை. அழுகி அமோனியா வரும். நாற்றம் வாடிக்கையாளருக்குப் பிடிக்காது என்றால் அமோனியம் குளோரைட்டு வாங்கி, சோதனையில் லீட்டருக்கு 2 மில்லிகிராம் அமோனியா காட்டும் அளவுக்குக் கரையுங்கள். இரண்டு நாளுக்கு ஒருமுறை சோதியுங்கள். முதலில் அமோனியா ஏறி இறங்கும், பிறகு நைத்திரைற்று ஏறி இறங்கும். 2 மில்லிகிராம் அமோனியா போட்ட மறுநாள் இரண்டுமே பூச்சியமாக இருந்தால் தொட்டி ஆயத்தம். அன்று பாதித் தண்ணீரை மாற்றிவிட்டு மறுநாள் மீன் விடலாம். நாள்காட்டியைப் பார்த்து விடாதீர்கள், சோதனைக் குழாயைப் பார்த்து விடுங்கள்.

இந்த வேலையைச் சுருக்க ஒரே நேர்மையான வழி, பழைய தொட்டியில் ஊறிய பஞ்சு. உங்கள் வீட்டில் ஒரு தாய்த்தொட்டி வையுங்கள். அதில் ஐந்தாறு பஞ்சு ஃபில்டர் எப்போதும் ஓடட்டும். புதிய வேலை கிடைத்தால் ஒன்றை எடுத்து, அதே தண்ணீரில் நனைத்தபடி கொண்டுபோய்ப் புதுத் தொட்டியில் மாட்டுங்கள். ஒரு மாதம் ஒரு வாரமாகக் குறையும். எடுத்த இடத்தில் புதுப் பஞ்சு ஒன்றைப் போட்டுவிடுங்கள். கடை முகப்பு, பெயர்ப்பலகை, விசிட்டிங் கார்ட் எல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம். இந்தத் தொழிலின் முதலீடு அந்த ஈரப் பஞ்சுதான். தாய்த்தொட்டிக்குள் கடையில் வாங்கிய புது மீனை மட்டும் எந்தக் காரணம் கொண்டும் விடக்கூடாது. நோய் அங்கே புகுந்தால் உங்கள் பஞ்சோடு சேர்ந்து ஒவ்வொரு வாடிக்கையாளர் வீட்டுக்கும் போகும்.

வாடிக்கையாளரைப் பொறுக்கவைப்பது தனிக்கலை. ‘என்ன தம்பி, வெறும் தண்ணியப் பாக்கவா காசு குடுத்தேன்?’ என்ற கேள்வி கட்டாயம் வரும். அதற்கு முன்கூட்டியே மருந்து போடுங்கள். முதல் நாளே செடியும் வெளிச்சமும் போட்டுத் தொட்டியைப் பார்வைக்கு நிறைத்துவிடுங்கள். வலிஸ்னேரியா போன்ற நீண்ட இலைச் செடி கடின நீரில் தானாகப் பரவும். சோதனை முடிவை எழுத ஒரு தாளைத் தொட்டிக்குப் பக்கத்தில் ஒட்டி, வீட்டுப் பிள்ளையின் கையில் சோதனைக் குழாயைக் கொடுங்கள். பத்து வயதுப் பிள்ளைக்கு நிறம் மாறுவதைப் பார்ப்பதில் உள்ள ஆசை, பெற்றோரின் அவசரத்தை அடக்கிவிடும். ‘அப்பா, இன்னும் நைத்திரைற்று இருக்கு, இப்ப மீன் விட்டா செத்திடும்’ என்று உங்களுக்குப் பதில் அந்தப் பிள்ளையே விளக்கம் சொல்லும்.

கண்ணாடி, நிறுத்தம், நஞ்சு

இரண்டடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரம் என்றால் 54 லீட்டர். சென்றிமீற்றரில் நீளம், அகலம், உயரம் பெருக்கி ஆயிரத்தால் வகுத்தால் லீட்டர் வரும். ஒரு லீட்டர் ஒரு கிலோ. மணல், கண்ணாடி சேர்த்தால் இந்தச் சின்னத் தொட்டியே எழுபது கிலோவைத் தாண்டும், சுவரில் அடித்த தட்டில் வைக்காதீர்கள். இதற்கு 5 அல்லது 6 மில்லிமீற்றர் கண்ணாடி போதும். மூன்றடி நீளம், ஒன்றரையடி உயரம் என்று போனால் 8 மில்லிமீற்றருக்குக் குறையவேண்டாம். ஒட்டும் சிலிக்கனில் பூஞ்சண எதிர்ப்பு மருந்து கலந்தது குளியலறைக்கு, தொட்டிக்கல்ல. ஒட்டிக் குறைந்தது இரண்டு நாள் காயவிட்டு, வெளியில் வைத்து நிரப்பி ஒரு நாள் கசிவு பாருங்கள். அடியில் ரெஜிபோம் தாள் விரியுங்கள். இரும்பு ஸ்டாண்ட் உப்புக்காற்றில் ஓராண்டுக்குள் பொரிந்து உதிரும், தேக்கோ நல்ல சாயம் அடித்த மரமோ மேல். மேற்கு யன்னலுக்கு நேரே வைத்தால் பின்னேர வெயிலில் தண்ணீர் கொதித்துப் பாசி பிடிக்கும்.

மணலுக்குக் கடற்கரைக்குப் போகாதீர்கள். சிப்பித் தூள் கலந்த மணல் ஏற்கெனவே கடினமான நீரை இன்னும் கடினமாக்கும். அழகுக்கு முருகைக்கல் பொறுக்கி வந்து போடுவது சட்டப்படி குற்றம். ஆற்று மணலைத் தண்ணீர் தெளியும்வரை அலசுங்கள், ஒரு கைப்பிடியில் வினாகிரி ஊற்றிப் பாருங்கள். நுரைத்தால் சுண்ணாம்பு இருக்கிறது.

மலை நாட்டிலிருந்து வந்த கையேடு ஹீற்றர் வாங்கச் சொல்லும். இங்கே அது வேண்டாம். நமக்கு நேர்மாறான சிக்கல்: 20 பாகை நீர் லீட்டருக்கு 9 மில்லிகிராம் ஒட்சிசனைப் பிடித்துவைக்கும், 30 பாகையில் ஏழரைதான். ஹீற்றருக்கு ஒதுக்கிய காசில் இரண்டாவது காற்று மோட்டர் வாங்குங்கள், அது மின்கலத்தில் ஓடுவதாக இருக்கட்டும். நாட்டுக்கே மின்சாரம் கொடுக்கும் நுரைச்சோலை நிலையம் நம் மாவட்டத்தில்தான் இருக்கிறது, ஆனாலும் 2022 மார்ச் கடைசியில் பதின்மூன்று மணி நேர வெட்டு நமக்கும்தான் வந்தது. கறண்ட் போனால் தீனி போடாதீர்கள் என்று வாடிக்கையாளருக்குச் சொல்லிவையுங்கள். காற்று மோட்டரைத் தண்ணீர் மட்டத்துக்கு மேலே வையுங்கள். கீழே வைத்தால், மோட்டர் நின்ற நேரத்தில் குழாய் வழியே தண்ணீர் பின்னோக்கி வழிந்து தரையையும் மோட்டரையும் நனைக்கும். ட்ரிப் சுவிட்ச் வேலை செய்யாத வீட்டில் தொட்டிக்குள் கையை விடாதீர்கள்.

மீன் சாகும் காரணங்களில் யாரும் சந்தேகப்படாத ஒன்று நுளம்புச் சுருள். அதிலும் தெளிக்கும் மருந்துகளிலும் இருக்கும் பைரித்ரொயிட் மனிதருக்குப் பெரிதாக ஒன்றும் செய்யாது, மீனுக்குக் கொடிய நஞ்சு. காற்று மோட்டர் அறைக் காற்றை இழுத்து நேரே தண்ணீருக்குள் ஊதுகிறது. கதவு பூட்டிச் சுருள் கொளுத்திய இரவுக்குப் பிறகு எல்லா மீனும் ஒரே நேரத்தில் மிதந்தால் நோயைத் தேடாதீர்கள். டெங்குப் புகை அடிக்க வருகிறார்கள் என்று தெரிந்தால் மோட்டரை நிறுத்தி, தொட்டியைப் பொலித்தீனால் மூடி, புகை கலைந்ததும் திறந்து ஓடவிடச் சொல்லுங்கள். இந்த ஒரு தகவலை முதல் சந்திப்பிலேயே சொன்னால், ஆள் தொழில் தெரிந்தவர் என்ற எண்ணம் வந்துவிடும்.

1996 கற்பித்த பாடம்

இந்த மாவட்டத்துக்கு நோய்க் கட்டுப்பாடு பற்றி வெளியூர்க்காரர் வந்து சொல்லித்தரத் தேவையில்லை. 1996இல் வெள்ளைப்புள்ளி வைரஸ் இறால் பண்ணைகளைப் புரட்டிப்போட்டது. டச்சுக் கால்வாயிலும் முந்தல் களப்பிலும் ஒருவர் வெளியேற்றிய தண்ணீரையே அடுத்தவர் உள்ளே இழுத்துக்கொண்டிருந்தார், ஒரு குளத்து நோய் ஊர் முழுவதும் போனது. பிறகுதான் வலயம் பிரித்து, எந்த வலயம் எப்போது குஞ்சு விடலாம் என்று பயிர் நாட்காட்டி வந்தது.

வீட்டுக்கு வீடு போகும் தொட்டிக்காரர் அந்தக் கால்வாயின் வேலையைத் தனியாளாகச் செய்துவிடக்கூடியவர். ஒரே வலை, ஒரே வாளி, ஒரே குழாயோடு காலையில் ஐந்து வீடு ஏறினால் போதும். எனவே ஒவ்வொரு வீட்டிலும் அந்த வீட்டுக்கென வலையும் வாளியும் உறிஞ்சுகுழாயும் விட்டுவாருங்கள், அந்தச் செலவை ஆரம்பக் கட்டணத்தில் சேருங்கள். உங்களோடு போகும் சாமானைக் குளோரின் நீரில் அலசி, வெயிலில் காய்ந்த பிறகே அடுத்த வீட்டுக்கு எடுங்கள். நோய் இருக்கும் வீடு அன்றைய நாளின் கடைசி வீடாக இருக்கட்டும்.

மீன்களுக்கு வரும் வெள்ளைப்புள்ளி வைரஸ் அல்ல, ஒட்டுண்ணி. குணமாக்கலாம். தேவையானால் அந்த நாட்களுக்கு மட்டும் ஹீற்றர் போட்டு வெப்பத்தை 30 பாகையில் நிறுத்தி, லீட்டருக்கு 1 முதல் 3 கிராம் வரை உப்பைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்து, பத்து நாள், இரண்டு வாரம் பொறுக்கவேண்டும். புத்தளத்து உப்பளத்தின் கல்லுப்பே போதும். இறால் பண்ணைக் குடும்பங்களில் வெள்ளைப்புள்ளி என்று சொன்னதும் முகம் வெளிறிவிடும், அமைதியாக விளக்குங்கள்.

வாங்கிய மீனை நேரே வாடிக்கையாளர் தொட்டியில் விடாதீர்கள். உங்கள் வீட்டுத் தனிமைத் தொட்டியில் இரண்டு வாரம். பிறகு பையோடு மிதக்கவிட்டு, கால் மணி நேரத்தில் சூடு சமமானதும், தொட்டித் தண்ணீரைச் சிறிது சிறிதாகப் பைக்குள் சேர்த்து, மீனை வலையில் எடுத்து விடுங்கள். பைத் தண்ணீர் தொட்டிக்குள் போகக்கூடாது. தூரத்திலிருந்து பல மணி நேரம் பைக்குள் அடைபட்டு வந்த மீன் என்றால் முறையை மாற்றுங்கள்: பையைத் திறந்ததும் பிஎச் ஏறி, உள்ளே தேங்கிய அமோனியா கடுமையாகும். சூடு சமமானவுடன் தாமதிக்காமல் எடுத்துவிடுவது நல்லது. 54 லீட்டருக்கு முதலில் ஆறு குப்பி. இன்னும் ஆறு இரண்டு வாரம் கழித்து.

கடல் மீன் தொட்டி கேட்பவர்கள்

கற்பிட்டியில் இந்தக் கேள்வி தவிர்க்கமுடியாதது. வாசலில் கடல், 1992இல் சரணாலயமாக்கப்பட்ட சுமார் 300 சதுர கிலோமீற்றர் முருகைக்கல் திட்டு, அதில் வண்ணத்துப்பூச்சி மீன். ‘கண்டக்குளியில் சுழியோடிகளிடம் கேட்டால் கிடைக்குமே’ என்பார் விடுதி உரிமையாளர். அந்த அழகான வண்ணத்துப்பூச்சி மீன்களில் பல, உயிருள்ள முருகைக்கல்லை மட்டுமே கொத்தித் தின்பவை. தொட்டியில் பட்டினி கிடந்து சாகும். 1998இன் கடல் வெப்பத்தில் வெளுத்து, பெரும்பகுதி செத்து, மெல்லத் தேறிய திட்டு அது. முதல் இரண்டு ஆண்டு நன்னீரோடு நில்லுங்கள். பிறகும் ஆசை இருந்தால் பண்ணையில் பிறந்த கோமாளி மீனிலிருந்து தொடங்குங்கள்.

காசுப் பேச்சு

தொட்டி விற்ற இலாபத்தில் வாழலாம் என்று நினைக்காதீர்கள். ஒரு வீட்டுக்கு ஒரு தொட்டி, ஒருமுறைதான் விற்கும். மாதப் பராமரிப்புத்தான் சம்பளம். மூன்றாகப் பிரித்து எழுதுங்கள்: பொருட்கள், அமைப்புக் கூலி, மாதக் கட்டணம். அமைப்புக் கூலிக்குள் முதல் மாத நாலு வருகையும் அடங்கட்டும். பாதியைத் தொட்டி இறக்கும் நாளிலும் மீதியை மீன் விடும் நாளிலும் வாங்குங்கள். முழுக்காசையும் முன்கூட்டி வாங்கினால் வாடிக்கையாளருக்கு அவசரம் கூடும், முழுக்கப் பின்னால் வைத்தால் உங்களுக்கு அவசரம் கூடும், அவசரத்தில் மீன் சாகும்.

செத்த மீனுக்கு ஈடு கொடுப்பதா என்பதை முன்பே எழுதிவையுங்கள். இரண்டு வாரத்துக்குள் செத்தால் உங்கள் பொறுப்பு, அதன் பிறகு அவர்கள் பொறுப்பு என்பது நியாயமான கோடு. விடுதியில் விருந்தாளிகள் பாண் துண்டு போடுவார்கள், வீட்டில் பாட்டி ஒருமுறை, பேரன் ஒருமுறை என்று ஒரு நாளில் நாலுமுறை தீனி விழும். தீனி டப்பாவை வீட்டில் விடாமல், ஏழு சின்னப் பொட்டலமாகக் கட்டி, ‘ஒரு நாளைக்கு ஒன்று’ என்று கொடுத்துவாருங்கள். மிச்சப் பொட்டலத்தை எண்ணினால் வாரம் எப்படிப் போனது என்று தெரியும்.

பயணத்தை வீதிப்படி அடுக்குங்கள். ஏ3 வீதியில் சிலாபம் ஒரு நாள், மாரவில வென்னப்புவ ஒரு நாள், பாலாவியில் திரும்பிக் கற்பிட்டி ஒரு நாள். கூப்பிட்ட நேரத்தில் எல்லாத் திசைக்கும் ஓடினால் பெற்றோலே இலாபத்தைக் குடித்துவிடும்.

மீதி நாட்களில் குப்பி வளருங்கள். இலங்கையின் வண்ணமீன் ஏற்றுமதியில் குப்பிக்குத் தனி இடம் உண்டு. ஏற்றுமதியாளர்கள் பெரும்பாலும் கொழும்பு, நீர்கொழும்புப் பக்கம், கட்டுநாயக்க விமான நிலையத்தை ஒட்டியே இருப்பதால் சிலாபத்துக்காரருக்குத் தூரம் ஒரு தடையல்ல. தென்னை நிழலில் சீமெந்துத் தொட்டி கட்டலாம். புதுச் சீமெந்து சுண்ணாம்பு விடும், வாழைத்தண்டு வெட்டிப்போட்டு ஊறவிட்டு, பலமுறை தண்ணீர் மாற்றி, பிஎச் இறங்கிய பிறகே மீன். மீன்கொத்திக்கும் கொக்குக்கும் வலை கட்டாவிட்டால் அவற்றுக்குத்தான் வளர்ப்பீர்கள். ஏற்றுமதியாளர் கேட்பது ஒரே நிறம், ஒரே அளவு, ஒரே நேரத்தில். குப்பிப் பெண் ஒருமுறை சேர்ந்தால் பல மாதம் அந்த விந்தணுவை வைத்துக் குட்டி போடும், எனவே மூன்று நாலு வாரத்துக்குள் ஆண் பெண் பிரிக்காவிட்டால் இனம் கலந்து விலை விழும். வாங்க ஆள் யார், எந்த நிறம், மாதம் எத்தனை என்று பேசி முடிக்காமல் இரண்டாவது சீமெந்துத் தொட்டி கட்டவேண்டாம்.

படிக்க விரும்பினால் பக்கத்திலேயே வழி இருக்கிறது. 1998இன் சட்டத்தில் உருவான தேசிய நீருயிரின வளர்ப்பு அபிவிருத்தி அதிகார சபை வண்ணமீன் வளர்ப்புக்குப் பயிற்சி கொடுக்கிறது. பத்துளுஓயாவில் அதன் இறால் பண்ணைக் கண்காணிப்பு அலுவலகத்துக்குப் போய் விசாரிக்கலாம். வண்ணமீனுக்கான அதன் நிலையம் குருநாகல் மாவட்டத்து ரம்பொடகல்லவில். நீர்கொழும்பில் சமுத்திரப் பல்கலைக்கழகத்தின் கிளை இருக்கிறது. பட்டம் வேண்டும் என்றால் தங்கொட்டுவ தாண்டி மாகந்துரவில் வயம்பப் பல்கலைக்கழகத்தின் மீன்வளப் பிரிவு. சான்றிதழ் கையில் இருந்தால் வங்கிக் கடனுக்கும் உதவும், விடுதிகளோடு எழுத்தில் ஒப்பந்தம் போடவும் உதவும்.

ஒப்பந்தத்தில் இன்னொரு வரி சேருங்கள்: வேண்டாத மீனை நாங்கள் திரும்ப எடுத்துக்கொள்கிறோம். வெளிநாடு போகும் குடும்பம், பருவம் முடிந்து பூட்டும் விடுதி, அரையடிக்கு மேல் வளர்ந்துவிட்ட டேங்க் கிளீனர். இவை எல்லாம் கடைசியில் டச்சுக் கால்வாயிலோ பக்கத்துக் குளத்திலோ போய் விழுகின்றன. டேங்க் கிளீனரும் கத்தி மீனும் இலங்கை நீர்நிலைகளில் பெருகி வலைக்காரருக்குத் தொல்லையானது இப்படித்தான். தாய்த்தொட்டியிலிருந்து தள்ளி, அதோடு தண்ணீர் கலக்காத இடத்தில், திரும்பி வரும் மீனுக்கென்று ஒரு சீமெந்துத் தொட்டியை ஒதுக்கிவையுங்கள்.